நடந்து போகும் தூரத்தில்

(திருச்சுழியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மனநோய் உள்ளவர்களுக்கும் அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்கும் ஊர் எப்படித் துணை நிற்கலாம் என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் மருத்துவர் அல்ல. வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியராக, பள்ளிக்கு வர முடியாத பிள்ளைகளின் வீட்டுக்கே போய்ப் பயிற்சி கொடுத்தவள். ஆகவே நான் பேசப்போவது ஆஸ்பத்திரியைப் பற்றி அல்ல, வீடுகளைப் பற்றி. பரளச்சிப் பக்கம், நரிக்குடிப் பக்கம், பந்தல்குடிப் பக்கம் என்று எந்தத் திசையில் போனாலும், பழகிச் சில மாதம் கழித்து, பிள்ளையின் அம்மா என்னைத் திண்ணையோரம் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொல்லும் ஒன்று உண்டு. "டீச்சர், எனக்கு முந்தி இவன் போய்ச் சேந்துரணும். தெனமும் துணைமாலை அம்மன்கிட்ட அதத்தான் கேக்குறேன்."

பாசம் இல்லாத தாய் இதைச் சொல்வதில்லை. இருபத்தாறு வயது மகனைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, துணி மாற்றி இடுப்பு ஒடிந்தவள்தான் சொல்கிறாள். தனக்குப் பிறகு அவனை யாரும் ஏறெடுத்துப் பார்க்க மாட்டார்கள் என்று அவளுக்கு உறுதியாகத் தெரிகிறது. இந்த ஊரில் பிறந்து, இந்த ஊரில் வாக்கப்பட்டு, இத்தனை வருஷம் இந்த மனிதர்களுக்கு நடுவே இருந்தவளுக்கு நம் மேல் உள்ள நம்பிக்கை அவ்வளவுதான். நான் இன்று பேசுவதெல்லாம் அந்த அம்மாவின் வேண்டுதலுக்குப் பதில் தேடித்தான்.

முதலில் ஒன்றைப் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். மனச்சிதைவு போன்ற நோய்கள் பெரும்பாலும் நன்றாக இருந்த பிள்ளைக்குப் பதினெட்டு, இருபது வயதில் வருகின்றன. காதில் குரல் கேட்கும், சந்தேகம் வரும், தூக்கம் போகும். மருந்து உண்டு, கட்டுப்படும். அறிவு வளர்ச்சிக் குறைபாடும் ஆட்டிசமும் பிறவியிலேயே, அல்லது சின்னஞ்சிறு வயதிலேயே வருபவை. அவற்றை மாற்ற மாத்திரை கிடையாது, பயிற்சிதான் உண்டு. இரண்டுக்கும் வேண்டிய உதவி வேறு வேறு. ஆனாலும் இரண்டையும் சேர்த்தே பேசுகிறேன். வாசலுக்கு வெளியே நின்று பார்த்தால் இரண்டு வீடும் ஒன்றாகத்தான் இருக்கிறது. பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் வேலைக்குப் போனால்தான் அடுப்பு எரியும்.

அப்படி ஓர் ஆள் இல்லாத வீடுகள் எங்கே போயின என்பதைச் சொல்கிறேன். 2001-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6. ஏர்வாடி தர்காவைச் சுற்றி அன்றைக்கு இருந்த தனியார் காப்பகங்களில் ஒன்று மொய்தீன் பாதுஷா மனநலக் காப்பகம். விடியற்காலையில் அதன் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் எழுந்து ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். ஒரு வாரத்தில், ஆகஸ்ட் 13 அன்று, அங்கிருந்த அத்தகைய காப்பகங்கள் எல்லாவற்றையும் மூடினார்கள். ஐநூறுக்கும் மேற்பட்டவர்கள் அரசின் பொறுப்புக்கு வந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்தது.

ஏர்வாடி நமக்கு அந்நிய ஊர் அல்ல. 1985-இல் மாவட்டத்தைப் பிரிக்கும் வரை நாமும் அவர்களும் ஒரே இராமநாதபுரம் மாவட்டம். இங்கிருந்து கமுதிக்குப் பஸ் ஏறி, அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்த குடும்பங்கள் இந்தப் பக்கத்திலும் உண்டு. அந்தத் தீயைப் பற்றிப் பேசும்போதெல்லாம், பெற்ற பிள்ளையைக் கொண்டுபோய்க் கட்டிப்போட்டுவிட்டு வந்தார்களே, இவர்களும் மனிதர்களா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நான் அப்படிக் கேட்க மாட்டேன். அந்தக் குடும்பங்கள் முதலில் வீட்டில் வைத்துத்தான் பார்த்தன. கோடாங்கியிடம் குறி கேட்டன, கயிறு மந்திரித்துக் கட்டின, ஆட்டை விற்று மதுரைக்குக் கூட்டிப்போயின, தெளிந்ததும் கூட்டி வந்தன, திரும்பவும் முற்றியது. கடைசியில், "விட்டுட்டுப் போங்க, நாங்க பாத்துக்கிறோம்" என்று சொல்ல அவர்களுக்குத் தெரிந்து ஒரே ஓர் இடம்தான் இருந்தது. அந்தக் கொட்டகைக்காரர்கள் மாதப் பணம் வாங்கிக்கொண்டு விற்றது அந்த ஒரு வார்த்தையைத்தான்.

கொட்டகைகளை மூடியது சரி. ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் மூடியிருக்க வேண்டியவை அவை. ஆனால் மூடிய பிறகு, அந்த வார்த்தையை நல்ல விதமாகச் சொல்ல இந்த வட்டாரத்தில் யாரை வைத்தோம்? ஒரு மாதத்துக்கு வேண்டாம், ஒரு வாரத்துக்கு வேண்டாம். களையெடுக்கப் போன தாய் திரும்பி வரும்வரை, அரை நாளைக்கு, "நீ போயிட்டு வா தாயி, நாங்க பாத்துக்கிறோம்" என்று சொல்ல நடந்து போகும் தூரத்தில் யார் இருக்கிறார்கள்?

நான் பயிற்சிக்குப் போன ஒரு வீட்டைச் சொல்கிறேன். சீமைக்கருவேல் வெட்டிக் கரிமூட்டம் போடும் குடும்பம். விறகை அடுக்கி, வைக்கோலும் மண்ணும் போட்டு மூடி, நாள்கணக்கில் புகையவிட்டுக் கரி எடுக்கும் வேலை. தகப்பன் இல்லை. மகனுக்கு அறிவு வளர்ச்சிக் குறைபாடும் வலிப்பும் உண்டு. கண் மறைந்தால் ரோட்டுக்குப் போய்விடுவான். அந்த அம்மா காலை ஏழு மணிக்கு அவனுக்குக் கஞ்சி ஊற்றிக் கொடுத்து, வலிப்பு மாத்திரையை வாயில் போட்டு, பழைய சேலையைக் கிழித்து முறுக்கிய ஒரு கயிற்றால் அவன் காலைத் திண்ணைத் தூணில் கட்டிவிட்டு மூட்டத்துக்குப் போவார். கட்டு காலை அறுக்காமல் இருக்க, முடிச்சுக்குள் இரண்டு விரல் நுழைகிறதா என்று பார்த்துத்தான் எழுந்திருப்பார். இன்றைக்கு இடது கால், நாளைக்கு வலது கால். புண் ஆகிவிடக் கூடாதாம். கயிறு திண்ணையின் நிழல் நகர்வதற்கு ஏற்ற நீளம். பத்து மணி வெயிலுக்கு அவன் எந்தப் பக்கம் நகர வேண்டும் என்பதுவரை அவர் கணக்குப் போட்டு வைத்திருந்தார்.

2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோய் உள்ள எவரையும் எந்த விதத்திலும் சங்கிலியிட்டுக் கட்டக் கூடாது என்கிறது. அந்தச் சட்டத்தை நான் முழு மனதோடு ஏற்கிறேன். எந்தக் குறைபாடு இருந்தாலும் மனிதனைக் கட்டக் கூடாது. ஆனால் அந்தத் திண்ணையில் போய் நின்றுகொண்டு சட்டம் பேச என்னால் முடியாது. அந்தக் கயிற்றை அவிழ்க்க வேண்டுமானால் ஏழு மணிக்கு அங்கே இன்னொரு மனிதர் வந்து நிற்க வேண்டும். வேறு வழியில் அவிழ்த்தால் அவன் லாரிக்கு அடியில் போவான். அல்லது அந்த அம்மா வேலைக்குப் போகாமல் இரண்டு பேரும் பட்டினி கிடப்பார்கள்.

பள்ளிக் கல்வித் துறை வழியாக நாங்கள் கொடுத்த வீட்டுப் பயிற்சி பதினெட்டு வயதோடு முடிந்துவிடும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் 6 முதல் 18 வயது வரைதான் இலவசக் கல்வி உரிமை தருகிறது. ஒரு பிள்ளைக்குச் சட்டைப் பொத்தான் போடக் கற்றுத்தர ஒரு வருஷம் ஆகும். கழிப்பறைக்குப் போக வேண்டும் என்று கையால் காட்டப் பழக்க அதைவிடக் கூடுதல் காலம் ஆகும். எட்டு வயதில் தொடங்கிப் பதினெட்டு வயதில் ஓரளவுக்குத் தன் காரியத்தைத் தான் பார்த்துக்கொள்ளும் நிலைக்கு வந்திருப்பான். அந்தப் பிறந்தநாளுக்கு மறுநாள் அவன் பெயர் பதிவேட்டில் இருக்காது. பிறகு இரண்டு வருஷம் கழித்து அந்தத் தெருப் பக்கம் போனால், பொத்தான் போடத் தெரிந்த கை சும்மா மடியில் கிடக்கும். செய்யச் சொல்ல ஆள் இல்லை, பாராட்ட ஆள் இல்லை. உடம்பு பெருத்திருக்கும். அம்மாவால் தூக்க முடியாது. பதினெட்டு வயதில்தான் அவனுக்கு உண்மையில் ஓர் இடம் தேவைப்படுகிறது. நம் ஏற்பாடுகள் எல்லாம் அங்கேதான் முடிகின்றன.

மனநோய்ப் பக்கம் வேறு மாதிரிச் சிக்கல். நம் நாட்டின் தேசிய மனநலத் திட்டம் 1982-இல் வந்தது. மாவட்ட மனநலத் திட்டம் 1996-இல் தொடங்கியபோது நாட்டிலேயே முதலில் எடுத்துக்கொண்ட ஒருசில மாவட்டங்களில் நம் திருச்சியும் ஒன்று. இன்று அது தமிழ்நாடு முழுவதும் இருக்கிறது. 2022 ஜனவரியில் விருதுநகருக்கு அரசு மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. மாத்திரை இலவசம், ஊசி இலவசம். ஆனால் அந்த இரண்டு திட்டங்களும் வந்து பல ஆண்டுகள் ஆன பிறகும், 2015–16-இல் நடந்த தேசிய மனநல ஆய்வு, தீவிர மனநோய் உள்ளவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேருக்குச் சிகிச்சை போய்ச் சேரவில்லை என்று கண்டது.

ஏன் சேரவில்லை என்பதைத் திருச்சுழி பஸ் நிலையத்தில் நின்றாலே பார்க்கலாம். நோய் முற்றியிருக்கும் மகன் பஸ் ஏற மாட்டான். ஏற்றினால் பக்கத்து சீட்டுக்காரர் எழுந்துவிடுவார். அருப்புக்கோட்டை ஒரு பஸ், விருதுநகர் இன்னொரு பஸ். கூட ஓர் ஆண்பிள்ளை வேண்டும். இரண்டு பேர் கூலி போகும். டாக்டரைப் பார்த்து வெளியே வரும்போது மதியம் ஆகிவிடும். ஆறு மாதம் இப்படிப் போய் வந்து பையன் தேறியதும், "இப்பத்தான் நல்லா இருக்கானே" என்று மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். மூன்றே மாதத்தில் பழைய நிலை. நிறுத்தியது அறியாமை என்று சொல்லிவிடுவது எளிது. மாதம் ஒருமுறை அந்த வாசலில் ஒருவர் வந்து நின்று, "மாத்திரை போட்டியாப்பா? தூக்கம் வருதா? வாய் உலருதா? கை நடுங்குதா?" என்று கேட்டிருந்தால் நிறுத்தியிருக்க மாட்டார்கள் என்பதே என் அனுபவம்.

இதை ஆராய்ச்சியாகவே செய்து பார்த்திருக்கிறார்கள். மனச்சிதைவு நோய் உள்ள 282 பேரை எடுத்துக்கொண்டு, காஞ்சிபுரம், கோவா, மகாராஷ்டிரத்தின் சாத்தாரா ஆகிய மூன்று இடங்களில் நடந்த ஆய்வு 2014-இல் லான்செட் இதழில் வந்தது. ஒரு பகுதியினருக்கு வழக்கமான ஆஸ்பத்திரிச் சிகிச்சை மட்டும். இன்னொரு பகுதியினருக்கு அதோடு கூட, பள்ளிப் படிப்பு முடித்த உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து வீடு வீடாக அனுப்பினார்கள். பெரிய அதிசயம் நடக்கவில்லை. நோய்க்குறிகள் ஓரளவு குறைந்தன. ஆனால் குளிப்பது, வேலைக்குப் போவது, நாலு பேரோடு பேசுவது போன்ற அன்றாட வாழ்க்கையில் முன்னேற்றம் தெரிந்தது, அதுவும் நம் காஞ்சிபுரத்தில்தான் நன்றாகத் தெரிந்தது. அங்கே அந்தப் பணியைச் செய்தது ஸ்கார்ஃப் என்ற நிறுவனம். கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளராகப் பல ஆண்டுகள் இருந்த டாக்டர் சாரதா மேனன், ஓய்வுக்குப் பிறகு 1984-இல் தொடங்கியது. பூட்டிய வார்டுகளை அத்தனை காலம் பார்த்த ஒருவர், இதற்கு விடை வார்டுக்கு வெளியேதான் என்று முடிவு செய்தது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

குடும்பத்தையும் சேர்த்துக் கவனிப்பது நமக்குப் புதியதும் அல்ல. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை 1957-இல் பாகாயத்தில் மனநல மையம் தொடங்கியபோது, நோயாளியோடு வீட்டார் ஒருவரும் தங்க வேண்டும் என்று வைத்துக்கொண்டது. மருந்து எப்படிக் கொடுப்பது, கோபம் வந்தால் எப்படிப் பேசுவது என்று வீட்டாரும் பழகிப் போனார்கள். பிள்ளைகள் விஷயத்தில், நமக்குப் பக்கத்துச் சீமையான ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கிறது. விபத்தில் கழுத்துக்குக் கீழே செயல் இழந்த ராமகிருஷ்ணன் 1981-இல் தொடங்கியது. அவர்கள் பிள்ளையை மையத்துக்கு வரவழைத்துக் காத்திருக்க வைப்பதோடு நிற்கவில்லை. கிராமத்துப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அந்தப் பெண்கள் போய் அம்மாவுக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள். தலை நிற்காத ஆறு மாதக் குழந்தையை அப்போதே கண்டுபிடித்தால் என்னென்ன செய்யலாம் என்று அங்கே போய்ப் பார்த்தால் தெரியும். நம் பக்கம் அதே குழந்தையைப் பார்த்து, "அவுக அப்பாவும் லேட்டாத்தான் நடந்தாக" என்று மூன்று வயது வரை காத்திருக்கிறார்கள்.

இடையில் ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. கல்யாணம். "ஒரு கால்கட்டுப் போட்டா சரியாப் போகும்" என்று மனநோய் உள்ள பிள்ளைக்குச் சொல்லாமல் கொள்ளாமல் கல்யாணம் செய்து வைப்பது இந்த வட்டாரத்தில் இன்னும் நடக்கிறது. தூரத்து ஊரில், வசதி குறைந்த வீட்டில் பெண் எடுப்பார்கள். மூன்றாம் மாதம் அந்தப் பெண் பிறந்த வீட்டுக்குத் திரும்பி நிற்பாள், பெரும்பாலும் வயிற்றில் பிள்ளையோடு. இது வைத்தியம் அல்ல. ஒரு தாயின் சுமையை ஏமாற்றி இன்னொரு பெண்ணின் தலையில் இறக்கி வைப்பது. நோய் கட்டுப்பட்டு, இரண்டு பக்கமும் உண்மை தெரிந்து, சம்மதித்துச் செய்துகொண்டு நன்றாக வாழ்பவர்கள் இருக்கிறார்கள், அது வேறு. ஊர்ப் பெரியவர்கள் இந்த மேடையில் இருக்கிறீர்கள். பந்தலுக்கு வந்து அட்சதை போடுவதற்கு முன் ஒரு வார்த்தை கேளுங்கள்.

கோயில் குளத்தை நான் குறை சொல்வேன் என்று சிலர் எதிர்பார்க்கலாம். 2002-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர்கள் மனநல மருத்துவர்களும் ஆய்வாளர்களும். நம் தமிழ்நாட்டில் வேலாயுதம்பாளையம்புதூர் என்ற ஊரில் முத்துசாமி கோயிலுக்கு வந்து தங்கிய 31 பேரை அவர்கள் கவனித்தார்கள். பெரும்பாலோர் மனச்சிதைவு உள்ளவர்கள். சராசரியாக ஆறு வாரம் தங்கினார்கள். மருந்து இல்லை. காலையில் சிறிது நேரம் பூசை. மற்ற நேரம் கூட்டுவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது. கூடவே வீட்டார். நோய்க்குறிகள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தன. சில மருந்துகள் தரும் பலனுக்கு ஈடு. இதைப் படித்துவிட்டு மாத்திரையைத் தூக்கிப் போடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். மாத்திரை வேண்டும், கண்டிப்பாக வேண்டும். ஆனால் அந்த 31 பேருக்குக் கிடைத்தது என்னவென்று பாருங்கள். பயமில்லாத ஓர் இடம், கையில் ஒரு சின்ன வேலை, உரிய நேரத்துக்குச் சோறு, விலகிப் போகாத மனிதர்கள். இதைக் கொடுக்க எம்.டி. பட்டம் தேவையில்லை. அதனால் கோடாங்கியோடு சண்டை போடாதீர்கள். அவரிடம் போகிறவர்கள் போகட்டும். "தாயி, கயிறு நான் கட்டுறேன், ஊசி அங்க போய்ப் போட்டுக்க" என்று அவரே சொல்ல வேண்டும் என்று அவரிடம் போய்க் கேளுங்கள். ஏர்வாடி தர்காவுக்கு வருபவர்களுக்கு அங்கேயே மருத்துவமும் கிடைக்க அரசு பின்னாளில் ஏற்பாடு செய்ததும் இந்த வழியில்தான்.

இது ரமணர் பிறந்த ஊர். 1879 டிசம்பர் 30 அன்று இங்கே பிறந்த வேங்கடராமன், 1896 செப்டம்பர் 1 அன்று, பதினாறு வயதில், யாரிடமும் சொல்லாமல் திருவண்ணாமலை போய்ச் சேர்ந்தார். ஆயிரங்கால் மண்டபத்தில் பேச்சில்லாமல் உட்கார்ந்தவர் மேல் சிறுவர்கள் கல் எறிந்தார்கள். பாதாள லிங்கக் குகைக்குள் போனார். பூச்சிகள் தொடையை அரித்தது அவருக்குத் தெரியவில்லை. சேஷாத்ரி சுவாமிகள் என்ற துறவி, கல்லெறிந்த பையன்களை விரட்டினார். சிலர் வேங்கடராமனை உள்ளேயிருந்து தூக்கி வந்து வெளியே உட்கார வைத்தார்கள். ஒரு மௌனசாமி, அம்மன் சன்னதி அபிஷேகப் பாலைக் கொண்டுவந்து கொடுத்தார். ரமணர் நோயாளி என்று நான் சொல்லவே இல்லை. அவரை எதனோடும் ஒப்பிடவும் இல்லை. நான் பார்ப்பது அந்த ஊரை. குளிக்காமல், பேசாமல், உடம்பு நினைவில்லாமல் உட்கார்ந்திருக்கும் பெயர் தெரியாத பையன். அவன் நாளைக்கு மகரிஷி ஆவான் என்று தெரிந்துகொண்டு யாரும் பால் ஊற்றவில்லை. கல்லெறிந்ததும் அதே ஊர்தான், காத்ததும் அதே ஊர்தான். இன்று நம் பஸ் நிலையத்தில் கிழிந்த துணியோடு உட்கார்ந்திருப்பவருக்கு டீக்கடையில் ஒரு கிளாஸ் டீ கிடைக்கிறது. எனக்குத் தெரியும், பார்த்திருக்கிறேன். அந்த டீ எங்கிருந்து வருகிறதோ, அங்கிருந்தே மற்றதும் வர முடியும் என்று நான் நம்புகிறேன்.

ஊரே காக்கும் வழக்கத்துக்குப் பெல்ஜியத்தில் கீல் என்று ஓர் ஊர் உண்டு. மனநோய் உள்ளவர்களை அந்த ஊர்க் குடும்பங்கள் தங்கள் வீட்டில் ஓர் ஆளாக வைத்துக்கொள்வது அங்கே பல நூற்றாண்டு வழக்கம். 1930-களின் இறுதியில் அப்படி 3,700-க்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். அவ்வளவு பெரிய மனம் ஒரே நாளில் வராது. நாம் சின்னதாகத் தொடங்கலாம்.

நமக்கு ஏற்ற மாதிரி பக்கத்துக் கேரளத்தில் இருக்கிறது. 2004-இல் திருவனந்தபுரம் பக்கத்து வெங்ஙானூர் ஊராட்சியில் முதல் 'பட்ஸ்' பள்ளியைத் தொடங்கினார்கள். அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்கு ஊராட்சியே நடத்தும் பகல்நேர இடம். குடும்பஸ்ரீ மகளிர் குழுக்கள் கூட நிற்கின்றன. இன்று கேரளம் முழுவதும் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. பெரியவர்களுக்கான மையங்களும் உண்டு. காலையில் விட்டு, மாலையில் கூட்டிக்கொண்டு போகலாம். அங்கே பிள்ளை என்ன கற்றுக்கொள்கிறது என்பது முக்கியம்தான். ஆனால் அம்மாவுக்கு ஒரு பகல் கிடைக்கிறதே, அது எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிகிறது. அந்தப் பகலில் கூலி வரும். முதுகு நிமிரும். மற்ற பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியும். "எனக்கு முந்தி இவன் போயிரணும்" என்ற வேண்டுதல் அந்தப் பகலில்தான் தளரத் தொடங்கும்.

நம்மிடம் என்ன இல்லை? ஊராட்சிக் கட்டடங்கள் இருக்கின்றன. பல ஊர்களில் பூட்டியே கிடக்கின்றன. சத்துணவு சமைக்கும் அடுப்பு இருக்கிறது. மகளிர் சுய உதவிக் குழு இல்லாத தெரு இல்லை. 2021 ஆகஸ்ட் 5 முதல் மக்களைத் தேடி மருத்துவம் வழியாக ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீடு தேடி வருகிறது. அதே பையில் மனநோய் மாத்திரையும் வரட்டும் என்று நாம் கேட்க வேண்டும். அறிவு வளர்ச்சிக் குறைபாடு 40 விழுக்காடோ அதற்கு மேலோ இருந்தால் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை உண்டு. சான்றிதழ் எடுக்க முகாமுக்குப் போய்த் திரும்பி, போய்த் திரும்பி அலுத்துப்போய், அதை வாங்காமலே இருக்கும் வீடுகளை எனக்குத் தெரியும். நூறு நாள் வேலையில் மாற்றுத்திறனாளிகளுக்கு வேலை அளவைக் குறைத்து முழுக்கூலி கொடுக்க ஆணை போட்ட மாநிலம் இது. தேறி வரும் ஒருவர் வேலைத் தளத்தில் குடத்தைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் கொடுத்து, மற்றவர்களோடு வரிசையில் நின்று கூலி வாங்கினால், அந்த மாதம் வீட்டில் அவருக்குச் சோறு போடும் விதமே மாறிவிடும். இரவில் தாங்க முடியாமல் போனால் பேச 14416 என்ற எண் இருக்கிறது. தமிழில் பேசலாம், காசு கிடையாது.

இல்லாதது ஓர் ஆள். இதையெல்லாம் ஓர் இடத்தில் கட்டிச் சேர்த்து, இன்ன வீட்டில் இன்னார் என்று தெரிந்து வைத்திருக்கும் ஓர் ஆள். இந்த வறண்ட சீமைக்கு அப்படி ஒருவரை வைத்துக்கொள்ளத் தெரியும். கண்மாயில் தண்ணீர் குறைந்த வருஷத்தில் ஆளுக்கு ஆள் மடையைத் திறக்க விடுவதில்லை. நீர்பாய்ச்சி என்று ஒருவரை வைத்து, இன்று இந்த வயல், நாளை அந்த வயல் என்று முறை வைத்துப் பாய்ச்சினார்கள். அவருக்கு எல்லோரும் களத்தில் நெல் அளந்தார்கள். கடைமடைக்காரன் அவரை நம்பி வீட்டில் இருந்தான். ஒரு வீட்டில் மட்டும் முழுப் பாரமும் விழாமல் முறை வைத்துப் பகிர, நமக்கு அப்படி ஒருவர் வேண்டும். சம்பளம் கொடுத்துத்தான் வைக்க வேண்டும். சேவை, சேவை என்று சொல்லிப் பெண்களைச் சும்மா வேலை வாங்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அந்த வேலைக்கு மிகத் தகுதியானவர், அப்படி ஒரு பிள்ளையை வளர்த்த தாய்தான். எந்தப் பட்டயப் படிப்பிலும் சொல்லித்தராதது அவருக்குத் தெரியும்.

நமக்குப் பிறகு யார் என்ற கேள்விக்குச் சட்டத்தில் ஒரு பாதி விடை இருக்கிறது. 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவு வளர்ச்சிக் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்குப் பதினெட்டு வயதுக்குப் பிறகு சட்டப்பூர்வக் காப்பாளரை நியமிக்கலாம். மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும். இங்கே இருக்கும் தாய்மார்கள் நாளைக்கே செய்யலாம். எழுதிக் கொடுக்க மாணவர்கள் உதவுங்கள். மீதிப் பாதியைச் சட்டம் கொடுக்காது. அந்தக் காப்பாளரும் பகலில் வேலைக்குப் போக வேண்டும் அல்லவா?

ஆகவே நான் கேட்பது இதுதான். அடுத்த கிராம சபையில், திருச்சுழி ஒன்றியத்தில் ஏதாவது ஓர் ஊராட்சி, முதலில் ஒரே ஓர் ஊராட்சி, இப்படி ஒரு தீர்மானம் போட வேண்டும். நம் ஊரில் மனநோயும் வளர்ச்சிக் குறைபாடும் உள்ளவர்களின் வீடுகளைச் சுய உதவிக் குழுவினர் போய்ப் பார்த்து, வீட்டார் சம்மதத்தோடு பட்டியல் எடுப்பார்கள். அந்தப் பட்டியல் நோட்டீஸ் பலகைக்குப் போகாது. ஊராட்சிக் கட்டடத்தின் ஓர் அறை திங்கள் முதல் வெள்ளி வரை காலை 9 முதல் மாலை 4 வரை அவர்களுக்கு. தண்ணீர், கழிப்பறை, மதியச் சோறு உண்டு. மாதம் ஒரு நாள் மனநல மருத்துவக் குழு அதே அறைக்கு வர, மாவட்டத்துக்கு மனு எழுதப்படும். பொறுப்பாளர் ஊதியத்துக்கு இந்த அறக்கட்டளையின் வட்டியிலிருந்து முதல் வருஷத்துக்கு ஒரு பங்கு கொடுக்க முடியுமா என்று அறக்கட்டளைக் குடும்பத்தாரை இந்த மேடையிலேயே கேட்கிறேன். எனக்குக் கொடுக்க வைத்திருக்கும் சொற்பொழிவுத் தொகையை அதில் முதலாவதாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். தீர்மானத்தின் கடைசி வரியில் 'பொறுப்பாளர்' என்று போட்டு இடத்தைக் காலியாக விடாதீர்கள். அந்த இடத்தில் ஒரு பெயரை எழுதிவிட்டு அதற்கப்புறம் கையெழுத்துப் போடுங்கள். எந்த ஊராட்சி என்று முடிவானதும் சொல்லி அனுப்புங்கள்; பட்டியல் எடுக்கப் போகும் பெண்களுக்கு, வீட்டுக்குள் போய் என்ன கேட்க வேண்டும், என்ன கேட்கக் கூடாது என்று சொல்லிக்கொடுக்க நான் வருகிறேன்.